மாக்கோழியும் வாழைக்காய்க் குழம்பும்

சென்னையின் வடகோடியில், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே கடலை ஒட்டி அமைந்த ஊர் எர்ணாவூர். கிழக்கே வங்கக் கடலும் மீனவர் குப்பங்களும் உள்ளன. மேற்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. வடக்கே சற்றுத் தொலைவில் கொசத்தலையாறு கடலோடு கலக்கிறது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய வாகனத் தொழிற்சாலை, அதே 1955இல் நிறுவப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலை, பின்னர் எழுந்த எண்ணூர் அனல் மின்நிலையம், 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் என்று தொழில்கள் வரிசையாகப் பெருகி, பல மாவட்டத்து மக்களை இக்கடற்கரைக்கு அழைத்து வந்தன. வந்தவாசி, செய்யாறு, போளூர், ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டங்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களிலிருந்தும் வேலை நாடிச் சென்னைக்கு வந்தோர் பலர்.

பிறந்த ஊரில் ஜினாலயத்தைச் சுற்றிய தெருவில் எல்லா வீட்டு அடுப்பும் ஒரே நெறியில் எரிந்தது. அடுத்த வீட்டு மணம் தன் வீட்டு மணமாகவே இருந்தது. தொழிற்பேட்டைத் தெரு அத்தகையதன்று. அங்கே நண்பகலில் சுவரைத் தாண்டி வருவது மீன் குழம்பின் மணம். பள்ளியில் பக்கத்தில் அமரும் பிள்ளையின் சோற்றுப் பாத்திரத்திலும் அதுவே இருக்கும். புளியும் வெந்தயமும் நல்லெண்ணெயும் கூடிய அந்த மணம் தன் வீட்டில் ஏன் எழவில்லை என்று ஒரு குழந்தை கேட்டால், இன்றைய தாய்க்கு விடை எளிது. அதே மசாலையில் வாழைக்காயை இட்டுக் கொதிக்க வைத்து, ‘சைவ மீன் குழம்பு’ என்று பரிமாறிவிடலாம். குழந்தை மகிழ்ந்து உண்ணும். ஆனால் அப்பெயரைக் கேட்ட பாட்டியின் முகம் சுருங்கும். உணவில் இல்லாத மீன், உணவின் பெயரில் மட்டும் இருக்கலாமா? தமிழ்ச் சமணம் இத்தகைய கேள்வியை இன்று புதிதாகச் சந்திக்கவில்லை. அதன் இலக்கியம் முழுவதும் இதற்கான சிந்தனை விரவிக் கிடக்கிறது.

மாதரியின் வீட்டு அடுப்பு

பிற நெறியினர் நடுவே வாழும் சமணக் குடும்பம் எவ்வாறு சமைத்து உண்டது என்பதற்குத் தமிழில் உள்ள மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் இருக்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் ஆயர்குல முதுமகளான மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். ஆயர்கள் மாயவனைப் போற்றுவோர்; வந்த விருந்தினரோ அருக நெறியினர். மாதரி இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருக்கிறாள். கோவலன் சாவக நோன்பி என்பதால், பகற்பொழுதிலேயே உண்ணுதற்கு ஏற்ப உணவு சமைக்க நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாது கொடுங்கள் என்று அவள் ஏவுகிறாள்.

ஆய்ச்சியர் கொண்டுவந்து தந்தவற்றையும் இளங்கோவடிகள் எண்ணிச் சொல்கிறார். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், செந்நெல் அரிசி, பாலின் பயனாகிய நெய் முதலியன. புகார் நகரத்துப் பெருவணிகன் மகளான கண்ணகி, பழக்கமில்லாத அந்த அடுக்களையில் விரல் சிவக்கக் காய் அரிகிறாள். முகம் வியர்க்கவும் கண் சிவக்கவும் சமைக்கிறாள். மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டித் தருகிறாள். வாழைக் குருத்தில் படைக்கப்பட்ட அவ்வுணவே கோவலன் உண்ட கடைசி உணவு. அதை உண்ட பின்னரே அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குச் செல்கிறான்.

இக்காட்சியில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. விருந்தினர் தம் நெறியை ஒளிக்கவில்லை. விருந்தளித்தவள் அதைக் குறையாகவும் எண்ணவில்லை. அவ்வீட்டில் கிடைத்த காய்கனிகளே போதுமானவையாக இருந்தன. நெறிக்கு ஏற்ப மாறியவை இரண்டே: சமைக்கும் கலமும் உண்ணும் பொழுதும். ஆயர் வீட்டு உணவைப் போல ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்ற எண்ணம் கண்ணகிக்கு எழவில்லை. ஆயினும் கணவனுக்கு அது தன் வீட்டு உணவாகவே இருந்தது.

விலக்கும் மாற்றும்

இல்லறத்தார் ஒழுக்கத்தைச் சிறு சிறு பாக்களில் கூறும் தமிழ் நூல் அருங்கலச்செப்பு. சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரத்தை அடியொற்றியது அது. கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குவதோடு ஐந்து அணுவிரதங்களையும் ஏற்பதே சிராவகனின் மூலகுணம் என்பது இம்மரபின் அடிப்படை. ரத்னகரண்டகம் இன்னும் நுணுகிச் சென்று, பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ளவற்றை விலக்கச் சொல்கிறது. முள்ளங்கி, ஈரமுள்ள இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியன அப்பட்டியலில் இடம்பெறுகின்றன.

இஞ்சிக்கு ‘ஈரமுள்ள’ என்ற அடைமொழி இருப்பது சிந்திக்கத்தக்கது. மண்ணிலிருந்து பிடுங்கிய பச்சைக் கிழங்கில் உயிர் தங்கியிருக்கிறது. வெயிலில் உலர்ந்து சுக்கான பின் அது இல்லை. ஆதலால் பச்சை இஞ்சியை விலக்கிய அடுக்களையில் சுக்கு இடம்பெற்றது. காரமும் மணமும் நின்றன; உயிர்க்கேடு நீங்கியது. இன்று ‘மாற்று உணவு’ என்று புதுமையாகப் பேசப்படுவது, சமண அடுக்களையில் பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்துவரும் செயல். வெங்காயம், பூண்டை விலக்குவோர்க்கு அவற்றின் மணத்தை ஈடுசெய்வது ஆப்கானிஸ்தான், ஈரான் பகுதிகளிலிருந்து வணிகர் கொண்டுவந்த பெருங்காயம். உருளைக்கிழங்கை உண்ணாதவர்க்கு வாழைக்காய் கைகொடுக்கிறது. சவுகார்பேட்டைக் கடைகளில் ஜெயின் முறை பாவ் பாஜி கேட்போருக்கு உருளைக்கிழங்கின் இடத்தில் மசித்த வாழைக்காயே சேர்கிறது.

‘பாரம்பரியச் சுவை’ என்று போற்றப்படுவதும் ஒரே காலத்தில் முழுமையாக உருவானதன்று. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துக்கீசியர் முதலான ஐரோப்பியர் வழியே இந்தியாவுக்கு வந்தவை. கண்ணகி சமைத்த உணவில் காரம் இருந்திருப்பின் அது மிளகின் காரமாகவே இருந்திருக்கும். இன்று பாட்டி கைப்பக்குவம் என்று நினைவுகூரப்படும் சாம்பாரிலும் குழம்பிலும் பாதிப் பொருள்கள் பாட்டியின் மூதாதையர் அறியாதவை. ஆகவே, குடும்பச் சுவையில் ஒரு பொருளை நீக்கி இன்னொன்றைச் சேர்ப்பது மரபுக்கு மாறானதன்று. எதை மாற்றலாம் என்பதைவிட, எந்த எண்ணத்தோடு மாற்றுகிறோம் என்பதையே சமண நூல்கள் கூர்ந்து நோக்கின.

மாவால் செய்த கோழி

அவ்வெண்ணத்தைச் சோதிக்கும் கதை, ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம். இக்கதை சமண உலகம் முழுவதும் போற்றப்பட்டது. சோமதேவ சூரி 959இல் யசஸ்திலக சம்பூவை வடமொழியில் இயற்றினார். ஜன்னன் 1209இல் கன்னடத்தில் யசோதர சரிதத்தைப் பாடினார். தமிழ்க் காப்பியத்தை இயற்றியவர் பெயர் கிடைக்கவில்லை.

உஞ்சை நகரத்து அரசன் யசோதரன் தன் தேவியின் ஒழுக்கக்கேட்டைக் கண்டு உள்ளம் உடைகிறான். அதை நேரே சொல்ல இயலாமல், தீக்கனவு கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் கூறுகிறான். கனவின் தீங்கு நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்க வேண்டும் என்கிறாள் தாய். உயிரைக் கொல்ல மகன் மறுக்கிறான். அப்படியாயின் மாவினால் ஒரு கோழி செய்து அதைப் பலியிடு என்று அவள் இறங்கி வருகிறாள். தாய் சொல்லைத் தட்ட இயலாமல் அவனும் இசைகிறான். உயிருள்ள கோழியைப் போலவே செய்யப்பட்ட அம்மாக்கோழியை வாளால் வெட்டுகிறான்.

அங்கே ஓர் உயிரும் மாளவில்லை. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் அவ்வினை தாயையும் மகனையும் பல பிறவிகள் தொடர்கிறது. மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறக்கின்றனர். வேறு பல விலங்குப் பிறவிகள் எடுத்து உழன்று, பின்னர்க் கோழிகளாகவே பிறக்கின்றனர். எதைச் செய்து வெட்டினார்களோ அதுவாகவே ஆகின்றனர். அறவுரை கேட்ட பின்னரே அவர்களுக்கு மனிதப் பிறவி வாய்க்கிறது.

இல்லறத்தானுக்கு நேரக்கூடிய கொலைவினையைச் சமணம் நான்காகப் பகுக்கும். கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்வது சங்கல்பம். சமையல் முதலிய வீட்டுப் பணிகளில் தவிர்க்க இயலாது நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்யோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். பின்னைய மூன்றையும் இல்லறத்தான் இயன்றவரை குறைக்க வேண்டும்; முதலாவதை முற்றிலும் விடவேண்டும். யசோதரன் வெட்டியது மாவைத்தான். ஆனால் அவன் உள்ளம் வெட்டியது கோழியை. பொருள் சைவமாக இருந்தது. சங்கல்பம் அவ்வாறு இல்லை.

பாட்டியின் முகம் சுருங்கியதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. அவர் காப்பியத்தைப் படித்திராமலே இருக்கலாம். உண்ணாதது என்று விலக்கிய ஒன்றின் உருவத்தையும் பெயரையும் விரும்பி அழைக்கக் கூடாது என்ற உணர்வு, நூலறிவின்றியும் வழிவழியாக வீடுகளில் நிலைத்தது.

போலியும் பாலமும்

ஊனைப் போன்ற மரக்கறி உணவு தமிழ்நாட்டிலும் வெளியிலும் புதிதன்று. தட்டைப்பயற்றை ஊறவைத்து அரைத்து, வாழையிலையில் பொதிந்து அவித்துத் துண்டுகளாக்கிக் குழம்பில் இடுவதைச் சைவ மீன் குழம்பு என்றும், பாசிப்பயற்றை அவ்வாறே அவித்துச் செய்வதைச் சைவ ஈரல் குழம்பு என்றும் வழங்குவோர் உண்டு. வங்காளத்தில் பலாக்காயை ‘மரத்து ஆடு’ என்ற பொருள்படும் பெயரால் அழைப்பர். சீனத்துப் பௌத்த மடங்களின் அடுக்களைகள், கோதுமை மாவைக் கழுவி எடுத்த பசையிலும் சோயாத் தயிர்க்கட்டியிலும் வாத்தையும் மீனையும் ஒத்த உணவுகளைச் செய்யும் கலையைப் பெரிதும் வளர்த்தன.

இவற்றை எல்லாம் மாக்கோழி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஊன் உண்டு பழகிய ஒருவர் அதை விட முயலும்போது, நாவுக்குப் பழகிய சுவையே பெருந்தடையாக நிற்கும். அவருக்கு இத்தகைய உணவு ஒரு பாலம். தமிழ்ச் சமணர் தம் மரபில் குந்தகுந்தரோடு இணைத்துப் போற்றும் திருக்குறள், புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பதற்காகக் கொல்வோர் இல்லையென்றால் விலைக்கு ஊன் விற்பாரும் இருக்கமாட்டார் என்று வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகிறது. தானே கொல்லாமல் பெற்ற ஊனை உண்பது குற்றமாகாது என்ற பௌத்தர் கருத்தை எதிர்த்து நீலகேசியும் வாதிடுகிறது. இந்நூல்களின் நோக்கில், தட்டைப்பயற்றுத் துண்டை உண்டு ஒரு மீனின் விலையைச் சந்தையில் கொடுக்காமல் வந்தவர் நன்மையே செய்தார்.

எர்ணாவூருக்கு அண்மையிலுள்ள திருவொற்றியூர் இவ்வகையில் நினைக்கத்தக்க தலம். சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் இளமையில் அடிக்கடி சென்று பாடிய ஊர் அது. சீவகாருண்யத்தைத் தம் நெறிக்கு அடிப்படையாக்கிப் புலால் மறுப்பை வலியுறுத்திய அவர், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே பசித்தோர்க்கு அளிக்கப்பட்டது எளிய சோறே. ஊனைப் போன்ற உணவு அன்று.

ஊன் துறந்த உணவுக்குத் தமிழில் நிலைத்த பெயரே ‘சைவம்’ என்பது. அது பிறிதொரு சமயத்தின் பெயர். சமண வீட்டுப் பாட்டியும் எவ்விதக் கூச்சமுமின்றி ‘நாங்கள் சுத்த சைவம்’ என்றே சொல்லிக்கொள்கிறார். ஆகவே பெயர் மட்டும் ஒருவருடைய நெறியைக் கெடுத்துவிடாது என்று வாதிடலாம். ஆனால் இரண்டு பெயர்களுக்கும் வேறுபாடு உண்டு. ‘சைவம்’ என்ற சொல் எதையும் கொல்ல நினைப்பூட்டவில்லை. ‘மீன்’ என்ற சொல் நினைப்பூட்டுகிறது. ஊனை விட்டு வருபவர்க்கு அப்பெயர் கரையேறும் படி. மீனே நுழையாத வீட்டில் பிறந்த குழந்தைக்கோ, அதுவரை இல்லாத ஓர் ஆசையை அப்பெயர் கற்றுக்கொடுக்கிறது. ஒரே குழம்பு, உண்பவர் எத்திசையிலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்துப் பாலமாகவோ மாக்கோழியாகவோ ஆகிறது.

எளிமை என்னும் நோன்பு

கடற்கரை மீன் குழம்பின் மணத்தில் பெரும்பகுதி மீனுடையதன்று. புளி, வெந்தயம், கறிவேப்பிலை, நல்லெண்ணெய், மல்லித்தூள், மிளகாய்த்தூள், சில வீடுகளில் சேர்க்கும் மாங்காய் ஆகியவற்றின் கூட்டே அது. இவை அனைத்தும் சமண அடுக்களையில் ஏற்கெனவே உள்ளவை. நால்வர்க்கு இரண்டு வாழைக்காய் போதும். தோல் சீவி நீள்வாக்கில் அரிந்து, மஞ்சளும் உப்பும் தடவிச் சிறிது எண்ணெயில் இருபுறமும் வாட்டி எடுக்க வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, அரைக் கரண்டி வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, எலுமிச்சை அளவு புளியின் கரைசலில் தூள்களைக் கலந்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாசனை போனதும் மாங்காய்த் துண்டுகளையும், தேங்காயோடு மிளகும் சீரகமும் சேர்த்து அரைத்த விழுதையும் இடவேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும்போது வாழைக்காயைச் சேர்த்து ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது.

மீன் குழம்பு மறுநாள்தான் சுவை கூடும் என்பது கடற்கரை வழக்கு. முதல்நாள் சமைத்ததை மறுநாள் உண்ணாத இல்லங்களில், காலையில் செய்து நண்பகல்வரை மூடி வைத்தாலே புளியும் உப்பும் காயில் ஊறிவிடும். பலாக்காயையும் இவ்வாறே பயன்கொள்ளலாம். வேகவைத்து உதிர்த்து, பொட்டுக்கடலை மாவு, தேங்காய்த் துருவல், மிளகு, சோம்பு, சுக்குத்தூள் சேர்த்துப் பிசைந்து உருட்டி, பணியாரச் சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு வேகவைத்தால் கோலா உருண்டையின் சுவை கிட்டும். கடையில் மீல்மேக்கர் என்று கேட்டு வாங்கும் சோயா உருண்டையும் சிலர்க்கு உதவும். ஆனால் பச்சைப் புள்ளி இட்ட ஆயத்த உணவுகள் எல்லாம் சமண நெறிக்கு ஏற்றவை அல்ல. காளான், வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகியவை அவற்றில் கலந்திருக்கக்கூடும் என்பதால் உறையின் பின்புறத்தைப் படிப்பது கடமை.

தொழிற்பேட்டை வாழ்வில் உணவின் பொருளைவிடப் பொழுதே பெருஞ்சிக்கல். பிற்பகல் ஷிப்டுக்குச் செல்பவர் வீடு திரும்புவது இரவில். சென்னையில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.40க்கும் 6.40க்கும் இடையில் அமைகிறது. இரவுணவைத் தவிர்ப்பவர், மாலைத் தேநீர் இடைவேளையிலேயே தம் உணவை முடித்தாக வேண்டும். காலையில் செய்து மாலைவரை கெடாமல் நிற்பது அவர்க்குத் தேவை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த குழம்பும் புளியோதரையும் அதற்குப் பொருந்துகின்றன. மாதரி பகலுணவுக்காகக் கலங்களை விரைந்து கொடுக்கச் சொன்ன கவலைதான், இன்று காலையில் சோற்றுப் பாத்திரத்தை நிரப்பும் கையிலும் இருக்கிறது.

எளிதாகச் சமைப்பது சோம்பல் என்று சில மூத்தோர் வருந்துவதுண்டு. நெறி அவ்வாறு கூறவில்லை. நெருப்பும் நீரும் பயன்படும் சமையலே ஆரம்ப வினையின் இடம். அடுப்பு எரியும் நேரம் குறைந்தால் அவ்வினையும் குறையும். ஐந்து வகைப் பொரியலுக்குப் பதில் ஒரு குழம்பும் ஒரு கீரையும் செய்து, வடிகட்டிய நீரை அளந்து செலவிட்டு, பொழுது சாயுமுன் அடுப்பை அணைக்கும் இல்லம் நோன்பின் ஒரு பகுதியையே செய்கிறது.

வடசென்னையின் மேற்கே புழலில் உள்ள பழைய ஜினாலயத்தில் ஆதிநாதர் எழுந்தருளியிருக்கிறார். அவர் துறவு பூண்டு நெடுநாள் உண்ணாமல் சென்றபோது, துறவிக்கு உணவளிக்கும் முறையை அறியாத மக்கள் மணிகளையும் யானைகளையும் கொண்டுவந்து நீட்டினர். அத்தினாபுரத்துச் சிரேயாம்சன்தான் தன் முற்பிறவி நினைவால் முறையை உணர்ந்து, கையருகே இருந்த கரும்புச்சாற்றை அளித்தான். அட்சய திருதியை அந்த நாளின் நினைவு. அவன் அளித்தது அரசர்க்குரிய விருந்து அன்று; வேறொன்றைப் போலச் செய்து காட்டியதும் அன்று. கரும்பின் சாறு கரும்புச்சாறாகவே அளிக்கப்பட்டது.

எர்ணாவூரில் ஒரு வீட்டு அடுப்பில் கொதிக்கும் குழம்பும் அவ்வாறே தன் பெயரோடு பரிமாறப்படலாம். அதன் மணம் அடுத்த வீட்டுக்கும் செல்லும். அங்குள்ள பிள்ளை ‘இது என்ன குழம்பு?’ என்று கேட்டால், இவ்வீட்டுப் பிள்ளை ‘வாழைக்காய்க் குழம்பு’ என்று சொல்லி ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கட்டும். பாட்டியும் அதைப் பார்த்து மகிழ்வார்.